நோ சிக்னல்

இந்தப் பக்கம் வந்து நில்லுங்கள் தங்கச்சி, அங்கே வெயில். கம்பியை ஒட்டி நின்றால் கொஞ்சம் நிழல் கிடைக்கும். பையைக் கீழே வைக்கலாம், தரை சுத்தம்தான். காலையில்தான் உள்ளேயிருந்து தண்ணீரை வீசிக் கழுவிவிட்டேன். கதவைத் திறக்கவில்லையே என்று தப்பாக நினைக்காதீர்கள். பூட்டு உங்கள் பக்கம் இருக்கிறது, பாருங்கள். அவர் வேலைக்குப் போகும்போது பூட்டிவிட்டுத்தான் போவார். பாதுகாப்புக்கு. இந்த ஏரியாவில் பட்டப்பகலில் சங்கிலியை அறுத்துக்கொண்டு போகிறார்கள் என்று அவருடைய கம்பெனியில் பேசிக்கொள்கிறார்களாம். நான் கேள்விப்பட்டதில்லை. நான் எங்கே கேள்விப்பட?

முதலில் தண்ணீர் குடியுங்கள். சின்ன டம்ளர்தான், கோபிக்கக் கூடாது. பெரிய டம்ளர் இந்தக் கம்பிக்குள் நுழையாது. சொம்பும் நுழையாது. பால் பாக்கெட்டை நெடுக்காகப் பிடித்தால் வரும். முருங்கைக்காய் எவ்வளவு வேண்டுமானாலும் வரும், தேங்காய் வராது. மூன்று வருஷத்தில் எல்லாம் மனப்பாடம். சிலிண்டர் வருகிற அன்றைக்கு மட்டும் அவர் லீவு போட்டுவிடுவார். பொறுப்பான மனிதர்.

நித்திலா, அக்காவுக்கு வணக்கம் சொல்லு. சொல்ல மாட்டாள். ஆள் பார்த்துப் பழக்கமில்லை. செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டிருக்கிறாள் பாருங்கள். அவளுடைய தாத்தா பாளையங்கோட்டையிலிருந்து பார்சலில் அனுப்பியது. வீட்டுக்குள்ளேயே டக்கு டக்கென்று போட்டுக்கொண்டு சுற்றுவாள். அடியில் விலைச்சீட்டு இன்னும் அப்படியே இருக்கிறது. எங்கே தேயப்போகிறது.

சரி, என்ன சர்வே என்று சொன்னீர்கள்? அந்தத் தாளை இப்படித் திருப்புங்கள், நானே படிக்கிறேன். 'விரைவில் வரவிருக்கும் குறைந்த விலைக் கணினி, இசைக் கருவி பற்றி இல்லத்தரசிகளின் கருத்து.' இல்லத்தரசி! யார் எழுதியது இது? நீங்கள் இல்லையே? நல்ல வார்த்தை, நல்ல வார்த்தை.

சிரிக்காதீர்கள், என் பேச்சு கொஞ்சம் புத்தகம் மாதிரிதான் இருக்கும். கான்வென்டில் சிஸ்டர் செலஸ்டின் என்று ஒருவர். வந்துச்சு போச்சு என்று சொன்னால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். 'வந்தது, போனது' என்று பத்து முறை சொன்னால்தான் உள்ளே விடுவார். என் வீட்டுக்காரருக்கு இதுதான் எரிச்சல். "ஏட்டி, நியூஸ் வாசிக்காத, சோத்தப் போடு"ன்னு சொல்லுவார். பார்த்தீர்களா, அவரைப் பற்றிச் சொல்லும்போது எனக்கும் 'ன்னு' வந்துவிடுகிறது.

நீங்கள் எந்த பஸ்ஸில் வந்தீர்கள்? கிருஷ்ணகிரியிலிருந்தா? சேலம் பஸ்தானே அது? எத்தனை மணிக்கு ஒன்று? அரை மணிக்கா! அவ்வளவு பஸ்ஸா? எங்கள் ஊருக்கு ராத்திரி ஒரே ஒரு பஸ்தான் உண்டு, அதுவும் டிக்கெட் கிடைக்காது என்று அவர் சொல்வார். இல்லை, சும்மாதான் கேட்டேன். நீங்கள் எழுதுங்கள்.

பெயர் ஆவுடைச்செல்வி. ச் வரும், விட்டுவிடாதீர்கள். வயது இருபத்து நான்கு. குடும்பத் தலைவர் பெயர் அதோ, கதவுக்கு மேலே பலகையில் இருக்கிறது, பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். நான் வாயால் சொல்வதில்லை. அடுத்த கேள்வி, வீட்டில் கணினி இருக்கிறதா, இல்லையா. இதற்கு என்ன சொல்வது? பாதி இருக்கிறது. பாதி என்று போட இடமில்லையா? பாதிதான் தங்கச்சி. பொய் சொல்லவில்லை. அதோ அந்த மூலையில், பூப்போட்ட துணி போர்த்தி. திரை, கீபோர்டு, மவுஸ். பெட்டி மட்டும் இல்லை.

அது எங்கள் அப்பா செய்த கூத்து. சொன்னால் சிரிப்பீர்கள். சொல்லட்டுமா? வீட்டுக்காரர் இரண்டரைக்குத்தான் வருவார், காலை ஷிப்ட். இப்போது பதினொன்றரை இருக்குமா? நேரம் கிடக்கிறது.

அப்பா நான் படித்த கான்வென்டிலேயே பியூன். மணி அடிக்கிறது, கேட் திறக்கிறது, ஆபீஸ் ரூமைத் துடைக்கிறது. பெரிய கேட் அது, காலையில் ஒன்பதரைக்குச் சாத்தினால் சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் திறக்கும். நடுவில் யாரும் போக முடியாது. கலெக்டர் மகளாக இருந்தாலும் முடியாது. நான்கு அடித்ததும் அப்பா அந்தத் தண்டவாளத் துண்டைச் சுத்தியலால் அடிப்பார் பாருங்கள், பிள்ளைகள் எல்லாம் ஹோ என்று கத்திக்கொண்டு ஓடும். 'செல்வி அப்பா, கொஞ்சம் முன்னாடி அடிங்க' என்று என் சிநேகிதிகள் கெஞ்சுவார்கள். ஒரு நிமிஷம் முன்னால் அடிக்க மாட்டார். பூட்டிக் கிடப்பது எனக்கு ஒன்றும் புதிதில்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன். பழக்கப்பட்டவள்தான்.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆமாம், கம்ப்யூட்டர். நிச்சயம் பேசும்போது இவர் வேறு எதுவும் கேட்கவில்லை. கட்டில் வேண்டாம், பீரோ வேண்டாம் என்றுவிட்டார். "காலத்துக்கேத்த மாதிரி ஒரு கம்ப்யூட்டர் மட்டும் குடுங்க மாமா" என்றார். எல்லாருக்கும் ரொம்ப மரியாதை வந்துவிட்டது. படித்த மாப்பிள்ளை, அறிவு சம்பந்தமாகக் கேட்கிறார் என்று. அப்பாவுக்கு இரட்டைச் சந்தோஷம், ஏனென்றால் ஊரில் கம்ப்யூட்டரைத் தொட்ட பியூன் அவர் ஒருத்தர்தான். ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் இருந்ததைத் தினமும் மஞ்சள் துணியால் துடைப்பது அவர்தானே. அவர் துடைத்தது திரையையும் கீபோர்டையும். பெட்டி மேஜைக்குக் கீழே மரக்கூண்டுக்குள் இருந்தது. அதை அவர் துடைத்ததே இல்லை.

அப்பா தனியாகக் கடைக்குப் போய், கையைக் காட்டி, எதைத் துடைத்தாரோ அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்! கடைக்காரனும் கேட்டதைக் கொடுத்துவிட்டான்.

கல்யாண மண்டபத்தில் சீர்வரிசைக்கு நடுவில் அதை வைத்திருந்தார்கள். மானிட்டருக்குக் கதம்ப மாலை, கண்ணாடிக்கு நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். மவுஸைத் தனியாக ஒரு தாம்பாளத்தில், வெற்றிலை பாக்கு பழத்தோடு. எங்கள் பெரியத்தை அந்த வாலைப் பிடித்துத் தூக்கி, "இது என்னடே, எலி கணக்கா இருக்கு?" என்று கேட்டாள். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அதுக்குப் பேரே எலிதாம்க்கா" என்றார். மண்டபமே சிரித்தது. அப்பா அன்றைக்கு அவ்வளவு அழகாக இருந்தார்.

ஓசூர் வந்து எட்டாம் நாள் இவர் கம்பெனி நண்பர்கள் நாலு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டார். அவர்கள் முன்னால் ஒயரைச் செருகிச் சுவிட்சைப் போட்டார். திரை கறுப்பாக இருந்தது, பிறகு நீலமானது. நீலத்தில் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை. நோ சிக்னல். அது ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மெதுவாகப் போகும், முட்டும், திரும்பி வரும். அவர்களில் ஒருத்தர்தான் மேஜைக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாப்ளே, பெட்டி எங்கடா? ஒம் மாமனார் சும்மா கண்ணாடியக் குடுத்துட்டாரு!" எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அவர்கள் போன பிறகு இவர் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அதுதான் என் பெயர். "ஏட்டி நோ சிக்னல், தண்ணி கொண்டா." "நோ சிக்னல், சட்டைக்குப் பித்தான் தச்சியா?" செல்லமாகத்தான். வீட்டில் ஒரு பெயர் வைத்துக் கூப்பிடுவது எல்லா இடத்திலும் உண்டுதானே? பிள்ளைகூட ஒருநாள் என்னை 'நோச்சினல்' என்று கூப்பிட்டாள். இவர் அவளைத் தூக்கிச் சுற்றினார். அவளுடைய முதல் வார்த்தை அது.

அப்பாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அதற்கு அவர், "மேசைக்கடியில ஒரு பொட்டி கெடக்குமே, அதாம்மா? அது கரண்டுப் பொட்டின்னுல்லா நெனச்சேன்" என்றார். இவர் போனை வாங்கி, மரியாதையாகத்தான் சொன்னார்: "மிச்சம் வரட்டும் மாமா. வந்த அன்னைக்கே நானே டிக்கெட் எடுத்து ஒங்க மகளைக் கூட்டிட்டு வாரேன்." வாக்கு. வாக்கு மாறமாட்டார், அது எனக்கு நிச்சயம். அதனால்தான் தலை தீபாவளிக்குப் போகவில்லை. வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள் இல்லையா, அதற்கும் போகவில்லை. தலைப்பிரசவமும் இங்கேயே, பெரியாஸ்பத்திரியில். அவர்மேல் என்ன குற்றம்? மிச்சம் வரவில்லை. இன்று வரைக்கும் என் பிள்ளையை அவள் தாத்தா பார்த்ததில்லை. போட்டோவில்தான்.

வரவேயில்லை என்றும் சொல்லக் கூடாது. ஒருமுறை வந்தது. போன ஆடியில். கான்வென்டில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார்களாம், பழையதின் பெட்டியை சிஸ்டர் அப்பாவுக்கே கொடுத்துவிட்டார். அப்பா அதைச் சாக்கில் சுற்றி, உள்ளே வைக்கோல் வைத்து, பஸ் பார்சலில் போட்டுவிட்டார். இவர்தான் பஸ் ஸ்டாண்டிலிருந்து தூக்கி வந்தார். செருகினார். தங்கச்சி, திரை எரிந்தது! நான் பார்த்தேன். பச்சைப் புல்வெளி, நீல வானம், இரண்டு மேகம். நான் பிள்ளையைத் தூக்கிக் காட்டினேன். இவர் எதையோ அழுத்தினார், அணைந்தது. "செத்துப்போச்சு" என்றார். எரிந்ததே, நான் பார்த்தேனே என்றேன். "அது கடைசி மூச்சு" என்றார். மறுநாள் சர்வீஸுக்கு எடுத்துப் போனார். அதோடு சரி. இரண்டு வாரம் கழித்து, ரிப்பேர் ஆகிவிட்டதா என்று ஒரு வார்த்தை கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, அவர் களைத்துப் போய் வந்திருந்தார். அந்த மாதம் அவருக்குக் கம்பெனியில் ஏதோ கிடைத்து, புதுச் செல்போன் வேறு வாங்கியிருந்தார், அதில் நம்பர் ஏற்றுகிற வேலையில் இருந்தார். நடுவில் போய்த் தொந்தரவு செய்தது என் தப்பு.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்களே. இதையெல்லாம் எழுத வேண்டாம். 'பாதி' என்று ஓரத்தில் சின்னதாக எழுதினால் போதும்.

அடுத்தது, 'இந்த அறிவிப்பைப் பற்றி எதன் மூலம் அறிந்தீர்கள்? தொலைக்காட்சி, செய்தித்தாள், நண்பர்கள், மற்றவை.' மற்றவை போடுங்கள். புளிப் பொட்டலம். சிரியுங்கள், பரவாயில்லை. வீட்டில் பேப்பர் வாங்குவதில்லை, கடைச் சாமான் சுற்றி வருகிற பேப்பரை நான் விடமாட்டேன். போன மாதம் புளியைக் கொட்டிவிட்டு விரித்தால் அந்தச் செய்தி. டிபன் பாக்ஸ் அளவே இருக்கும் கம்ப்யூட்டராம். விலை பாதிக்கும் பாதியாம். 'திரை, கீபோர்டு, மவுஸ் இதனுடன் வராது. ஏற்கெனவே உங்களிடம் இருப்பவற்றையே பயன்படுத்திக்கொள்ளலாம்' என்று போட்டிருந்தது. நான் மூன்று முறை படித்தேன். உலகத்தில் யாரிடம் தங்கச்சி, பெட்டி இல்லாமல் மற்றதெல்லாம் இருக்கும்? என்னிடம்தானே! யாரோ வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு, ஓசூரில் அலசநத்தம் ரோட்டில் ஆவுடைச்செல்வி என்று ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு மிச்சத்தை மட்டும் செய்து அனுப்புவோம் என்று நினைத்த மாதிரி இருந்தது. புளி வாசனை இன்னும் போகவில்லை, இதோ பாருங்கள், கீபோர்டுக்கு அடியில்தான் வைத்திருக்கிறேன்.

அவருடைய கருத்தா? குடும்பத் தலைவர் கருத்துக்கும் இடம் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு பேசும்போது சொன்னதைச் சொல்கிறேன். "அந்த விலைக்கு எவன்டா கம்ப்யூட்டர் குடுப்பான்? தொறந்து பாத்தா உள்ள களிமண்ணுதான் இருக்கும்" என்றார். ஒரு நண்பர், "நல்லதுதானடா, ஒன் வீட்டுல ஸ்கிரீன் சும்மா தூங்குது, வாங்கிப் போடு" என்றார். அதற்கு இவர், "நான் எதுக்குடா வாங்கணும், குடுக்க வேண்டியவன் குடுப்பான்" என்றார். நான் அடுப்படியில் வடை போட்டுக்கொண்டிருந்தேன். எனக்குத் தைரியமாக இருந்தது. இந்த விலை என்றால் அப்பாவால் முடியும் என்று நினைத்தேன்.

ஆனால் அப்பா தை மாதம் விழுந்துவிட்டார். மணியடித்துவிட்டுத் திரும்பும்போதே கீழே சாய்ந்துவிட்டாராம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. சுத்தியல் பிடித்த கை. அம்மா இன்லாண்டு லெட்டர் போட்டிருந்தாள். தபால்காரர் பதினொரு மணிக்கு இந்தக் கம்பி வழியாகத்தான் கொடுப்பார், இவர் ஷிப்டில் இருக்கும்போது. 'பேச்சு குழறுது, வேற எதுவும் வெளங்கல, செல்வின்னு மட்டும் தெளிவா வருது' என்று எழுதியிருந்தாள். இன்னொரு தடவை வந்தால் தாங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அம்மாவுக்கு அவரை விட்டுவிட்டு வர முடியாது. கூடப்பிறந்தவர்களும் எனக்கு இல்லை.

இவரிடம் கேட்டேன், கேட்காமல் இல்லை. இரண்டு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று. பிள்ளையை ஒருமுறை காட்டிவிட்டு. சாப்பிட்டுக்கொண்டே, "மிச்சம்?" என்றார். அவ்வளவுதான். கோபப்படக்கூட இல்லை. ஒரே வார்த்தை. நியாயம்தானே, பேச்சு பேச்சுதானே? அதனால்தான் நீங்கள் தெருவில் போகும்போது அந்தச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். உங்கள் பையில் கம்ப்யூட்டர் படம் பார்த்தேன். கூப்பிட்டுவிட்டு எனக்கே பயமாகிவிட்டது. மேல்வீடு காலிதான், இருந்தாலும்.

கேள்வி எண் எட்டு. இசைக் கருவி. இதுதான் அந்தப் பாட்டுக் கேட்கிறதா? இவ்வளவுதானா? சூயிங்கம் பாக்கெட் மாதிரி இருக்கிறது! கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறு வேறு. தாலியோடு தாலியாகக் கிடக்கும். கண்ணாடி எங்கே? எந்தப் பாட்டு என்று எப்படித் தெரியும்? தெரியாதா? அதுவாக மாற்றி மாற்றிப் போடுமா? அப்போது நமக்கு என்ன வேண்டும் என்று அது கேட்காது. நல்லதுதான். கேட்டால்தான் குழப்பம். 'பாடலைத் தேர்வு செய்ய முடியாதது குறையா?' குறையில்லை என்று போடுங்கள். எனக்குப் பழக்கம்தான்.

காதில் வைக்கவா? இருங்கள், இந்தக் காது வேண்டாம், அந்தக் காதில் வையுங்கள். இந்தப் பக்கம் கொஞ்சம் மந்தம். ஆடியிலிருந்து. சளி இறங்கிவிட்டது. டாக்டரிடம் காட்டவில்லை, தானாகச் சரியாகிவிடும் என்று அவர் சொன்னார்.

அட.

அட, எவ்வளவு பக்கத்தில் கேட்கிறது. தலைக்குள்ளேயே யாரோ உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி. நித்திலா, இங்கே வா, நீ இந்த ஒன்றை வைத்துக்கொள். பாருங்கள் எப்படி முழிக்கிறாள்! ஐயோ, போய்விட்டதே, பாட்டு மாறிவிட்டதே. அது நன்றாக இருந்தது. போனால் போனதுதானா? என்ன? இந்தப் பக்கம் அழுத்தினால் முந்தின பாட்டு வருமா? திரும்பிப் போக முடியுமா? எங்கே, நான் அழுத்துகிறேன்.

வந்துவிட்டது.

நான் இதில் முன்னால் போகிறது மட்டும்தான் உண்டு என்று நினைத்தேன். இந்தாருங்கள், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாம், பிள்ளை கழுத்தில் போடாதீர்கள், பழகிவிட்டால் அழுவாள். சர்வே முடிந்ததும் நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள் அல்லவா.

உங்கள் முகம் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது? சாவியைப் பற்றிக் கேட்கிறீர்களா? சாவி அவர் கையில் இல்லை. அங்கேதான் இருக்கிறது, உங்கள் தோளுக்குப் பக்கத்தில், மீட்டர் பெட்டிக்குள், ஃபியூஸுக்குப் பின்னால். வீட்டுக்குள் தீ கீ பிடித்தால் யாராவது வந்து திறக்க வேண்டுமே, அதற்காக. அவ்வளவு தூரம் யோசிக்கிறவர். ஆனால் தெருவில் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை, சொன்னால் திருடனுக்குத் தெரிந்துவிடும். என்னிடமும் சொல்லவில்லை. அந்த மூடி கிறீச்சென்று சத்தம் போடும், அதை வைத்துத் தெரிந்துகொண்டேன். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. மனசோடு வைத்துக்கொள்ளுங்கள். இல்லை, என் கைக்கு எட்டாது. ஒரே ஒரு நாள் தோசைக்கரண்டியை நீட்டிப் பார்த்தேன். ஒரு சாண் குறைந்தது. சும்மா, விளையாட்டாகத்தான்.

அதை விடுங்கள். நமக்கு முக்கியமான கேள்வி எதுவோ அதற்கு வருவோம். பெட்டி எப்போது கிடைக்கும்? அதைச் சொல்லுங்கள். நான் கீபோர்டை எடுத்து வருகிறேன், இது அதற்குச் சரியாக இருக்குமா என்று நீங்கள் பார்த்துச் சொல்லிவிடுங்கள். நீங்கள் டிரெய்னிங் எடுத்திருப்பீர்களே. இதோ. நெடுக்காகப் பிடித்தால் இதுவும் நுழையும். மெதுவாக. எப்படி இருக்கிறது? தினமும் துடைப்பேன், மஞ்சள் துணியால். ஒரு எழுத்துகூட அழியவில்லை.

என்ன பார்க்கிறீர்கள் ஒயர் நுனியில், செருகுகிற பின்னையா?

உருண்டையாக இருந்தால் என்ன?

சேராதா?

தட்டையாகத்தான் இருக்க வேண்டுமா. புது மாதிரிப் பெட்டியில் உருண்டை ஓட்டையே கிடையாதா. மவுஸும் இதே உருண்டைதான். மாற்றுவதற்கு ஏதாவது ஒரு துண்டு கிடைக்கும் என்கிறீர்கள், பெங்களூரில். சரி. பெங்களூரில். பெட்டி எப்போது வரும்? நம் ஊருக்கு வருமா என்றே தெரியாதா? இது அறிவிப்புதானா? யாராவது வாங்குவார்களா என்று கேட்டுப் பார்க்கத்தான் உங்களையே அனுப்பியிருக்கிறார்களா? ஒரு வருஷம் ஆகலாம். மேலேயும் ஆகலாம்.

ஒரு வருஷம்.

நான் என்ன கணக்குப் போட்டிருந்தேன் தெரியுமா? பங்குனி உத்திரத்துக்குள் பெட்டி, அது வந்த அன்றைக்கே டிக்கெட். அப்பா கட்டிலில் இருப்பார், இவள் டக்கு டக்கென்று நடந்து போய் முன்னால் நிற்பாள். அதற்கு மேல் நான் நினைத்துப் பார்க்கவில்லை. அதுவரைக்கும்தான்.

தட்டைப் பின் கிடைத்தால், பெட்டி வந்தால், அது எரிந்தால். எரிந்தால் என்ன? போன தடவையும் எரிந்தது. நான் கண்ணால் பார்த்தேன் தங்கச்சி. புல்வெளி பார்த்தேன். செத்துப்போன பெட்டியில் புல்வெளி வருமா? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள். வராது இல்லையா.

வராது.

மணி என்ன? ஒன்று ஐந்தா? பேச்சில் நேரம் போனதே தெரியவில்லை. இன்னும் எத்தனை கேள்வி? ஒன்றுதானா? படியுங்கள். 'இக்கணினி விற்பனைக்கு வந்தால் வாங்குவீர்களா? கண்டிப்பாக, யோசித்து, மாட்டேன்.' மாட்டேன் போடுங்கள். ஆமாம், மாட்டேன். பென்சில் வேண்டாம், பேனாவில் போடுங்கள். காரணம் எழுத ஒரு கோடுதான் விட்டிருக்கிறார்கள். 'பின் சேராது' என்று எழுதுங்கள், போதும். கையெழுத்தா? கொடுங்கள். இங்கே அவருடைய கையெழுத்து வேண்டாமே? என்னுடையது போதுமா? போதும் என்றால் சரி.

கீபோர்டு உங்கள் பக்கமே இருக்கட்டும், உள்ளே தள்ள வேண்டாம்.

கொஞ்சம் இருங்கள், உள்ளே போய்விட்டு வருகிறேன். ஒன்றுமில்லை, செருப்பு வந்த டப்பா. அதன் அடியில் அப்பா இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாளை மடித்து வைத்திருந்தார், இவரிடம் சொல்ல மறந்துவிட்டேன். மறைக்கவில்லை, மறந்துதான் போனேன். சேலம் போய், அங்கிருந்து மதுரை, அங்கிருந்து திருநெல்வேலி. இரண்டு பேருக்கு அது போதும், பிள்ளைக்கு டிக்கெட் கேட்க மாட்டார்கள். அரை மணிக்கு ஒரு பஸ் என்றுதானே சொன்னீர்கள்?

அப்புறம் தங்கச்சி, ஒரு சின்ன உதவி. சர்வேயில் சேராத விஷயம். போன தடவை கரண்டு பில் அதிகம் வந்துவிட்டதென்று அவர் சத்தம் போட்டார். அந்த மீட்டரில் எத்தனை ஓடியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா? மூடி சும்மாதான் சாத்தியிருக்கும். மெதுவாகத் திறங்கள், கிறீச்சிடும். உள்ளே ஃபியூஸுக்குப் பின்னால் கையில் ஏதாவது தட்டுப்பட்டால் கீழே போட்டுவிடாதீர்கள்.

நீங்கள் பாருங்கள். நான் அதற்குள் பிள்ளையின் செருப்பை இடம் வலம் சரியாக மாற்றிப் போட்டுவிடுகிறேன்.